ஓடாத புல்வெட்டி: ஒரு கோளாறுக்குப் பின்னால் இன்னொன்று

புல்வெட்டி கிளம்பவில்லை என்றதும் எல்லாருடைய கையும் முதலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவே இருக்கும். சங்கடமும் அதில்தான் இருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகும் எஞ்சின் முரண்டு பிடித்தால், ஏதோ அழுக்கு மிச்சம் இருக்கிறது என்று மறுபடியும் அதையே கழற்றத் தோன்றும். வேறெங்கோ ஒளிந்திருக்கும் கோளாறு அப்படியே கிடக்கும்.

நண்பர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்து விட்ட இயந்திரம் இந்த ரகம். பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் புல்வெட்டி. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 160 சிசி. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கிறது; அதன் மேல்முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம், கீழ்முனையில் நேரடியாக பிளேடு. கடைசியாக ஓடியபோது எஞ்சின் சத்தம் சீராக இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததாம். பிறகு ஒருநாள் வேலைக்கு நடுவே சட்டென்று நின்றது, அதற்குப் பின் கிளம்பவே இல்லை. பாதி டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்திருக்கிறது. எதிலாவது மோதியதா என்று கேட்டேன். நினைவில்லை என்றார். இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களுக்கு இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நினைவு வருவதே இல்லை.

டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். புது பெட்ரோலுக்குரிய சுருக்கென்ற நெடி இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவின் வாடை அடித்தது. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிவிடுகிறது. கிடப்பில் கிடக்கும்போது முதலில் பறந்துபோவதும் அதுதான். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்குப் போகும் குழாய் தொடங்குவதும் டேங்கின் அடியிலிருந்துதான். மாதம் ஒன்றைத் தாண்டிய பெட்ரோலை நான் நம்புவதில்லை. முழுவதையும் வடித்து எடுத்தேன்.

அடுத்தது ஸ்பார்க் பிளக். கயிற்றைப் பலமுறை இழுத்த பின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது எளிய சோதனை, ஆனால் நிறையச் சொல்லும். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று பொருள். காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. இதில் முனை காய்ந்து கிடந்தது. முனையின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்துப் பார்த்தேன், 0.75 மில்லிமீட்டர் அளவில் சரியாகவே இருந்தது. பொறி வருகிறதா என்று பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் வைத்துக்கொள்வது நல்லது. பிளக்கின் உடலை எஞ்சினில் தொட வைத்துப் பார்ப்பவர்கள், பிளக் இருந்த துளைக்குத் தள்ளி வைத்துச் செய்ய வேண்டும். துளை வழியே வெளிவரும் பெட்ரோல் ஆவிக்கு அந்தப் பொறியே போதும். நீலப் பொறி பளிச்சென்று வந்தது.

பிறகு பிளக் துளைக்குள் அரை டீஸ்பூன் புது பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி, கயிற்றை இழுத்தேன். எஞ்சின் படபடவென்று எழுந்து, விட்ட பெட்ரோல் தீர்ந்ததும் அடங்கியது. பொறி, அழுத்தம், வால்வு எல்லாம் ஓடும் நிலையில்தான் இருக்கின்றன, வராதது பெட்ரோல் மட்டுமே என்பது இதிலிருந்து தெளிவு. ஆனால் கிளம்பும் அந்த நொடியில் கயிறு என் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தது. விரல் சுளுக்கிக்கொள்ளாதது அதிர்ஷ்டம். பெட்ரோல் வராததற்கும் இந்த இழுப்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தாளில் தனியாகக் குறித்து வைத்துவிட்டு, கார்புரேட்டர் பக்கம் போனேன்.

ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தால் பின்னால் கார்புரேட்டர். ஃபில்டர் காகித வகை; தட்டியதும் புல்தூசி கொட்டியது, ஆனாலும் மடிப்புகள் கறுத்துப்போயிருந்தன. காகித ஃபில்டரைக் கழுவவும் கூடாது, எண்ணெய் விடவும் கூடாது, மாற்றுவதுதான் வழி. ஸ்பாஞ்சு வகையாக இருந்தால் சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு, எஞ்சின் ஆயில் சில சொட்டு விட்டுப் பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட்டு மாட்டலாம்.

பெட்ரோல் குழாயைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டு, அடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் போல்ட்டைக் கழற்றினேன். கிண்ணத்தில் தேங்கியிருந்தது தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. அதன் அடியில் இரண்டு மூன்று நீர்முத்துகள் உருண்டு ஓடின. கிண்ணத்தின் உட்சுவரில் வெள்ளைப் பொடி. அலுமினியத்தை ஈரம் தின்றால் வருவது அது. ஃப்ளோட் என்ற மிதவையின் அச்சு ஊசியை உருவினால், பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வும் கூடவே விழும், கீழே துணி விரித்துக்கொள்வது உத்தமம். நீடிலின் ரப்பர் முனையில் வளையம்போலத் தேய்மானம் விழுந்திருந்தால் அதை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் நிற்காமல் வழியும். இதில் முனை வழவழப்பாகவே இருந்தது. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன், உள்ளே திரவம் குலுங்கவில்லை.

பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள மெயின் ஜெட் நடுத்தூணுக்குள் இருக்கிறது. பித்தளை. அதன் துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வட்டமாகத் தெரிய வேண்டிய இடத்தில் எதுவும் தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் பிசின் போன்ற ஒன்று முழுவதையும் மூடியிருந்தது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பிழையை நுழைத்து எடுத்தேன். இரும்பு ஊசி, துளையிடும் பிட் இவற்றைக் கொண்டு குடைபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். பித்தளை மென்மையானது. துளை துளியளவு பெரிதானாலும் பெட்ரோல் கூடுதலாகப் போய், அதற்குப் பிறகு அந்த ஜெட் எதற்கும் உதவாது. மெயின் ஜெட்டுக்கு மேலே பக்கவாட்டுத் துளைகளோடு ஒரு சிறு குழல் உண்டு. பலர் அதை எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். அந்தத் துளைகளும் ஒவ்வொன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

நண்பர் சொன்ன ஏறி இறங்கும் சத்தத்துக்கு விடை பைலட் ஜெட்டில் இருந்தது. கார்புரேட்டரின் மேற்புறத்தில், ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் செருகப்பட்டிருக்கும். துளை மெயின் ஜெட்டைவிட மிகச் சிறியது, தலைமுடி நுழையும் அளவு. சுமை இல்லாமல் ஓடும்போது எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோலில் பெரும்பங்கு இந்த வழியேதான் போகிறது. இது பாதி அடைத்தால் கலவையில் காற்று மிகுந்துவிடும், வேகம் குறையும். எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் உறுப்பான கவர்னர், வேகம் குறைவதைப் பார்த்து, கலவை போகும் வழியின் கதவான த்ராட்டிலைத் திறக்கும். திறந்ததும் மெயின் ஜெட் பெட்ரோல் தரும், வேகம் எகிறும். எகிறியதும் கவர்னர் மூடும், மறுபடி பைலட் ஜெட்டின் பட்டினி. அந்த ‘வூம், வூம்’ ஓசை இப்படித்தான் பிறக்கிறது. கவர்னர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் ஸ்பிரிங்கைத் திருகி நீட்டுபவர்கள் உண்டு. ஒழுங்காக வேலை செய்யும் ஒரே உறுப்பைக் கெடுக்கும் வேலை அது. கவர்னர் ஸ்பிரிங்கைத் தொட்டால் எஞ்சின் அனுமதித்த வேகத்தைத் தாண்டிச் சுழலும் அபாயமும் உண்டு.

கிளீனர் தெளிக்கும்போது கண்ணாடி அவசியம். ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளை வழியே முகத்துக்கே பீய்ச்சும். கிண்ணத்தின் ரப்பர் வளையத்தில் கிளீனர் பட்டால் அது உப்பிப் பள்ளத்தில் உட்கார மறுக்கும். தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் பூட்டி, புது பெட்ரோல் ஊற்றி, காற்றைக் குறைக்கும் சோக் போட்டு இழுத்தேன். கிளம்பியது. ஏறி இறங்கும் ஓசை போய்விட்டது. ஆனால் ஓட்டம் நன்றாக இல்லை. இடையிடையே கார்புரேட்டர் வழியே ‘பட்’டென்று வெடிக்கிறது, புல்லின்மேல் விட்டதும் திணறுகிறது, நிறுத்திவிட்டு மறுபடி இழுத்தால் கயிறு கையைப் பறிக்கிறது. குறித்து வைத்திருந்த தாளை எடுத்தேன்.

பிளக் மூடியைக் கழற்றி ஒரு பக்கமாகக் கட்டிவைத்தேன். பிளேடு பக்கம் கையைக் கொண்டுபோகுமுன் இதைச் செய்யாதவர் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். பிளேடைக் கையால் சுற்றினால் பிஸ்டனும் நகரும், பொறியும் பிறக்கலாம். இயந்திரத்தைச் சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேற்பக்கம் இருக்கும்படி சாய்த்தேன். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, கிளப்பியதும் வெள்ளைப் புகை மண்டும்.

பிளேடின் ஒரு முனையில் அரை அங்குல ஆழத்துக்கு வெட்டுக்காயம். கல்லோ இரும்புக் கம்பியோ, ஏதோ ஒன்றில் பலமாக மோதியிருக்கிறது. நண்பருக்கு நினைவில்லாததை பிளேடு நினைவில் வைத்திருந்தது.

இப்படி மோதும்போது நடப்பதைச் சொன்னால் கயிற்றின் இழுப்புக்குக் காரணம் புரியும். பிளேடு நின்ற கணத்தில் கிராங்க் ஷாஃப்ட்டும் நிற்கிறது. மேலே இருக்கும் கனமான ஃப்ளைவீல் நிற்க மறுத்து, சுற்றும் திசையிலேயே இன்னும் கொஞ்சம் போகப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. ஃப்ளைவீல் கீ என்று பெயர். பல எஞ்சின்களில் அதை மென்மையான உலோகத்தில்தான் செய்கிறார்கள். அது வெட்டுப்பட்டால் ஃப்ளைவீல் தன் இடத்திலிருந்து சற்று முன்னே நகர்ந்துவிடும். பொறியைத் தூண்டும் காந்தம் அந்த ஃப்ளைவீலில்தான் பதிந்திருக்கிறது. காந்தம் முன்னால் போனால் பொறியும் முன்னதாகவே வரும். பிஸ்டன் மேலே ஏறி முடிக்குமுன் கலவை வெடித்து, பிஸ்டனை வந்த வழியே திருப்பித் தள்ளும். கயிற்றைப் பிடித்திருக்கும் கை அந்த அடியை வாங்குகிறது.

மேல்மூடியைக் கழற்றினேன். சிலிண்டரின் குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவே காய்ந்த புல் திணிந்து கிடந்தது, கூடவே எலி கட்டிய கூடு ஒன்று. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு இது மூச்சுத் திணறல்தான். மரக்குச்சியால் கிளறி எடுத்தேன். பிறகு ஃப்ளைவீல் நட்டு. ஃப்ளைவீலை அசைக்க அதற்கென்றே இருக்கும் புல்லரைப் பயன்படுத்தினேன். சுத்தியலால் ஷாஃப்ட்டின் தலையில் அடித்தால் மரை சிதையும். ஃப்ளைவீலில் அடித்தால் காந்தம் பெயரும், வார்ப்பு விரியும்.

ஃப்ளைவீல் மேலே வருமுன்பே விஷயம் தெரிந்துவிட்டது. ஷாஃப்ட்டின் பள்ளமும் ஃப்ளைவீலின் பள்ளமும் நேர்க்கோட்டில் இல்லை. கீயை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முழுதாக அறுந்திருக்கவில்லை, உயரத்தில் பாதி வரை வெட்டி, மேற்பாதி படிக்கட்டுபோல ஒரு பக்கம் தள்ளி நின்றது. முழுதாக அறுந்திருந்தால் எஞ்சின் கிளம்பியே இருக்காது, தேடலும் அங்கேயே முடிந்திருக்கும். பாதி அறுந்ததால்தான் ஓடியும் ஓடாமலும் ஆட்டம் காட்டியது.

புதுக் கீயின் விலை அற்பம். ஆனால் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் செருகிவிடும் கைவேலைக்குப் போகக் கூடாது. அடுத்த மோதலில் கீ அறுவதற்குப் பதிலாக ஷாஃப்ட்டின் பள்ளம் கிழியும். ஃப்ளைவீலைப் பிடித்து நிறுத்துவது கீ என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் பிடித்து நிறுத்துவது கூம்பான ஷாஃப்ட்டும் இறுக்கிய நட்டும்தான். கீ, இருக்க வேண்டிய இடத்தைக் காட்டுவதற்கு. அதனால் கூம்பை எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். தளர்வாக விட்டால் மோதல் இல்லாமலே கீ அறும்.

மோதலில் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்பதும் முக்கியம். பிளேடைக் கழற்றி, பிளக்கையும் எடுத்துவிட்டு, கயிற்றை மெதுவாக இழுக்கச் சொல்லி ஷாஃப்ட்டின் கீழ்முனையை உற்றுப் பார்த்தேன். நடுப்புள்ளி ஆடாமல் ஒரே இடத்தில் சுழன்றது. ஆடியிருந்தால் மேற்கொண்டு செலவழிக்காமல் எஞ்சினை ஓரங்கட்டியிருப்பேன். வளைந்ததை அடித்து நிமிர்த்திப் பயன்படுத்துவது உயிரோடு விளையாடுவது.

பொறிக்கான மின்சாரத்தைத் தரும் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், 0.25 மில்லிமீட்டர் பரவலாகக் காணப்படும் அளவு. கையேட்டைப் பார்த்து, அந்தத் தடிமனுள்ள அட்டையைச் செருகி, காந்தம் காயிலை இழுத்துக்கொண்டதும் திருகை இறுக்கி, அட்டையை உருவினால் வேலை முடிந்தது.

வெட்டுப்பட்ட பிளேடைத் தீட்டி ஒப்பேற்றலாமா என்று நண்பர் கேட்டார். சின்னச் சின்ன முறிவுகளை அரத்தால் எடுத்துவிடலாம். இது அந்த அளவில் இல்லை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 46 சென்டிமீட்டர் நீள பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் முனை வினாடிக்கு ஏறக்குறைய 72 மீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது மணிக்கு 260 கிலோமீட்டர். ஒரு முனையில் 10 கிராம் குறைந்தால், நடுவிலிருந்து 23 சென்டிமீட்டர் தூரத்தில், அந்தச் சிறு வித்தியாசம் ஷாஃப்ட்டை 23 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சுற்றிச் சுற்றி இழுக்கும். கைப்பிடியில் வரும் அதிர்வும், கழன்றுபோகும் போல்ட்டுகளும், தேயும் பேரிங்கும் இதன் விளைவுகள். புது பிளேடே வாங்கினார்.

சாதாரணமாக மழுங்கிய பிளேடுக்கு, பழைய சரிவை அப்படியே பின்பற்றி, ஏறத்தாழ 30 பாகையில், அரத்தை ஒரே திசையில் தள்ளினால் போதும். சவரக் கத்தியின் கூர் வேண்டாம். அத்தனை மெல்லிய விளிம்பு முதல் சரளைக்கல்லிலேயே மடங்கிவிடும். தீட்டிய பின் நடுத்துளையைச் சுவரில் அறைந்த ஆணியில் மாட்டிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். மாட்டும்போது மேல்நோக்கி வளைந்த சிறகு எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். பிளேடை மூடியிருக்கும் கூட்டுக்கும் பிளேடுக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்து, போல்ட்டை டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும்.

ஆயிலை எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்தேன். கசடும் சேர்ந்து வரும். இந்த அளவு எஞ்சினுக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும், எஸ்.ஏ.இ. 30 அல்லது 10டபிள்யூ-30. புது எஞ்சினில் முதல் 5 மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஒருமுறை, அப்புறம் 50 மணிக்கு ஒருமுறை மாற்றுவது பரவலான கணக்கு. ஆயில் அளவுக்கோலைத் திருகிய நிலையில் பார்ப்பதா, சும்மா செருகிப் பார்ப்பதா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். அதை மாற்றிப் பார்த்து அளவுக்கு மேல் ஊற்றுவதால் வரும் புகைக்குப் பயந்து பிஸ்டன் ரிங்கைக் கழற்றிய கதையெல்லாம் உண்டு.

இப்போது இழுத்ததும் கிளம்பியது. கயிறு சாதுவாகத் திரும்பிப் போனது, வெடிப்பு இல்லை, அடர்ந்த புல்லிலும் ஓசை தாழவில்லை. கடைசிச் சோதனை பிரேக். கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் கம்பியை விட்டதும் ஃப்ளைவீலை ஒரு கட்டை அழுத்தும், பொறியும் நின்றுபோகும். அமெரிக்காவில் 1982 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, விட்ட 3 வினாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும். இதில் அதற்குள்ளாகவே நின்றது. சிலர் அந்தக் கம்பியைக் கைப்பிடியோடு கயிற்றால் கட்டிவைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அவர்களுடைய இயந்திரத்தை நான் தொடுவதில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது நண்பரிடம் சொன்னது: நாள்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், கிண்ணம் காலியாகிவிடும். டேங்கிலும் எதையும் விட்டுவைக்காதீர்கள். கூட்டின் உட்புறம் அப்பிய ஈரப் புல்லை அன்றன்றே வழித்துவிடுங்கள், தகடு துருப்பிடிப்பது அங்கிருந்துதான்.

சில நாள் கழித்து அழைத்தார். அருமையாக ஓடுகிறது, ஆனால் அரை மணி நேரம் ஆனதும் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி கிளம்புகிறது என்றார். இந்த முறை நிற்கும்போது எஞ்சினை ஆறவிட்டு, டேங்க் மூடியை மெதுவாகத் தளர்த்தி, என்ன சத்தம் கேட்கிறது என்று சொல்லச் சொன்னேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிறது என்றார். மூடியில் காற்று போவதற்கென்று இருக்கும் ஊசித்துளையைப் புல்தூசி அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று வராததால், டேங்கில் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுபோயிருக்கிறது. மூடியைக் கழுவி, துளையை ஊதி, காயவைத்து மாட்டினார்.